அப்பாவைப் பார்த்துக்கொண்ட அனுபவம் போதுமா?

வாசகர் கடிதம், சுருக்கமாக:

எழுதியிருப்பவருக்கு வயது 49. அச்சகத்தில் 24 ஆண்டுகள் இயந்திரம் ஓட்டியவர். அச்சகம் மூடப்பட்டு ஓராண்டாகிறது. பக்கவாதத்தில் படுத்துவிட்ட தந்தையை மூன்று ஆண்டுகள் குளிப்பாட்டுவது முதல் டயப்பர் மாற்றுவது வரை தானே செய்து பார்த்துக்கொண்டார். இன்சுலின் ஊசியும் இவரே போட்டிருக்கிறார். "கடைசி நாள்வரை அப்பா முதுகில் ஒரு புண் வரவிடவில்லை" என்று எழுதுகிறார். எட்டு மாதங்களுக்கு முன் தந்தை காலமானார். இப்போது செவிலியர் உதவியாளராகப் போக விரும்புகிறார். மனைவிக்குச் சம்மதம். அண்ணனோ, "இந்த வயசுல, அதுவும் ஒரு ஆம்பளை, அடுத்தவன் மலத்தை அள்ளப் போறியா?" என்று கேட்டிருக்கிறார்.

ஒரு பயிற்சி மையம் ஆறு மாதத்தில் ஊசி போடவும் டிரிப்ஸ் ஏற்றவும் கற்றுத் தருவதாகவும், சில ஆண்டு அனுபவம் சேர்ந்தால் நர்ஸாகவே ஆகிவிடலாம் என்றும் சொல்கிறது. வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் அனுப்பும் ஓர் ஏஜென்சி, பயிற்சியே வேண்டாம், ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு நாளைக்கே 24 மணி நேர டியூட்டியில் சேரலாம் என்கிறது. இவருக்குச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்டு. அவ்வப்போது இடுப்புப் பிடிப்பும் வரும். கையுறை போட்டால் எதுவும் ஒட்டாது என்றும் எழுதுகிறார். "உடம்பில் பலம் இருக்கிறது, அருவருப்பு கிடையாது. வேறென்ன வேண்டும்?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரருக்கு,

மூன்று ஆண்டு படுக்கையில் இருந்தவருக்குப் படுக்கைப் புண் வராமல் காத்ததை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அது சின்ன விஷயம் இல்லை. பயிற்சி பெற்றவர்கள் நிறைந்த வார்டுகளிலேயே தவறிப்போகிற காரியம் அது. இரவில் எத்தனை முறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். 49 வயதில் இந்த வேலைக்கு வரலாம். பல ஆண்டுகளாக உதவியாளர்களுக்குப் பயிற்சி தருகிறேன். நாற்பதைத் தாண்டி வருகிறவர்கள் பொறுமையிலும் நேரம் தவறாமையிலும் இளையவர்களைவிட ஒரு படி மேலாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஷிப்ட் வேலை உங்களுக்குப் புதிதும் அல்ல.

ஆனால் உங்களிடம் இருப்பதாக நீங்கள் நம்புகிற பலமும் அனுபவமும்தான் தொடக்கத்தில் உங்களைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடியவை. பயிற்சி மையமும் ஏஜென்சியும் அவற்றைத்தான் பயன்படுத்திக்கொள்ளப் பார்க்கின்றன.

அப்பா வேறு, நோயாளி வேறு

உங்கள் அப்பாவின் உடம்பு உங்களுக்குத் தெரியும். எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கும், எந்த முனகலுக்கு என்ன பொருள், எப்போது கோபப்படுவார் என்பதெல்லாம் தெரியும். வார்டில் ஒரே நேரத்தில் எட்டுப் பேரையோ பத்துப் பேரையோ பார்க்க வேண்டிவரும். ஒருவருக்கு இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சை நடந்திருக்கும். காலை எந்தக் கோணத்துக்கு மேல் மடக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். இன்னொருவருக்கு இதயமோ சிறுநீரகமோ பழுதாகி, ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளவு வைத்திருப்பார்கள். அவர் கெஞ்சுகிறாரே என்று இரக்கப்பட்டு ஒரு டம்ளர் கூடுதலாகக் கொடுத்தால் அது தீங்கு. விழுங்குவதில் சிரமம் உள்ளவரை நிமிர்த்தி உட்கார வைக்காமல் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் முடியலாம். ஊட்டி முடித்த பிறகும் அரை மணி நேரமாவது அவர் நிமிர்ந்தே இருக்க வேண்டும்.

அப்பா குளிக்க மறுத்தால் செல்லமாக அதட்டியிருப்பீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் மறுத்தால் அதட்ட உங்களுக்கு உரிமை இல்லை. நேரம் கொடுத்து மறுபடி கேட்கலாம். அப்போதும் மறுத்தால் பொறுப்பு நர்ஸிடம் சொல்ல வேண்டும். தொடுவதற்கு முன் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்வது, திரையை இழுத்துவிடுவது, துடைக்கிற பகுதியை மட்டும் திறந்து மற்றதை மூடி வைப்பது ஆகியவற்றை மயக்கத்தில் இருப்பவருக்கும் செய்ய வேண்டும். பெண் நோயாளிகளின் உடல் பராமரிப்புக்குப் பெண் உதவியாளர்தான் போவது பல இடங்களில் வழக்கம். ஆள் இல்லையென்று உங்களை அனுப்பினால், நோயாளியின் சம்மதமும் உடன் ஒரு பெண் ஊழியரும் இல்லாமல் போகாதீர்கள். அவருக்கு அது பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

இந்த வேலையின் உயிர்நாடி, பார்த்ததைச் சொல்வது. டாக்டர் சில நிமிடங்கள் நிற்பார். நர்ஸுக்கு மருந்தும் பதிவேடும் இருக்கும். நோயாளியின் உடம்போடு அதிக நேரம் இருப்பவர் உதவியாளர்தான். வால் எலும்பின் மேல் சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கறுத்த தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் அறிய வேண்டும். வளர்ந்தவர் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். அது 26 ஆனால் உடனே சொல்ல வேண்டிய செய்தி. நேற்றுவரை தெளிவாகப் பேசிய முதியவர் இன்று சம்பந்தமில்லாமல் பேசினால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடக்கூடாது. எங்கோ நோய்த்தொற்று தொடங்கியிருப்பதன் முதல் அறிகுறியாக அது இருக்கலாம்.

ஊசியும் டிரிப்ஸும் உங்கள் வேலை அல்ல

அந்தப் பயிற்சி மையத்தின் விளம்பரம்தான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. ஊசி போடுவது, டிரிப்ஸ் ஏற்றுவது, சிறுநீர்க் குழாய் செருகுவது எல்லாம் முறைப்படி படித்துப் பதிவு செய்துகொண்ட செவிலியரின் பொறுப்பு. மருந்தின் அளவை மாற்றுவது டாக்டரின் பொறுப்பு. அமெரிக்காவில் 1987-ல் வந்த சட்டம், முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்யும் உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்றும், அதில் 16 மணி நேரமாவது மேற்பார்வையுடன் கூடிய செய்முறையாக இருக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. தொற்றுத் தடுப்பு, உணவூட்டல், நோயாளியை நகர்த்துதல், உடல்நிலையைக் கவனித்துத் தெரிவித்தல், நோயாளியின் உரிமைகள் என்று பாடத்திட்டம் நீள்கிறது. ஊசி அதில் இல்லை. வேறு நாடுகளில் பயிற்சிக் காலம் மாறும், சில இடங்களில் பல மாதங்கள்கூட இருக்கும். ஆனால் உதவியாளருக்கும் செவிலியருக்கும் நடுவில் உள்ள இந்தக் கோடு பெரும்பாலான இடங்களில் இருக்கிறது.

"அப்பாவுக்கு நானே இன்சுலின் போட்டேனே" என்று கேட்பீர்கள். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி, மகனாக, வீட்டில் போட்டீர்கள். அதில் தவறில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு இன்னொருவருக்குப் போடும்போது சட்டத்தின் பார்வையே மாறிவிடுகிறது. ஏதாவது விபரீதம் நேர்ந்தால், "சும்மா போடுங்க" என்று சொன்னவர் பக்கத்தில் நிற்க மாட்டார். அந்த நேரத்தில் உங்களிடம் இருப்பது ஒரு தனியார் மையத்தின் அச்சடித்த தாள் மட்டுமே.

அனுபவம் சேர்ந்தால் நர்ஸாகிவிடலாம் என்பதும் உண்மையில்லை. எத்தனை ஆண்டு வேலை பார்த்தாலும் உதவியாளர் உதவியாளர்தான். நர்ஸாக வேண்டுமென்றால் அதற்குரிய படிப்பைத் தனியாகப் படித்து, செவிலியர் மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கல்வித் தகுதி உண்டு, சில இடங்களில் வயது வரம்பும் உண்டு. அந்த ஆசை உங்களுக்கு இருந்தால், எந்த மையத்தையும் கேட்காமல் மன்றத்திடமே கேளுங்கள். உதவியாளராகவே இருந்து, அதில் நல்லவர் என்று பெயரெடுப்பதும் ஒரு முழு வாழ்க்கைதான். நான் பார்த்த மிகச் சிறந்த சில கைகள் அவர்களுடையவை.

பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. மொத்தப் பயிற்சியில் எத்தனை நாட்கள் உண்மையான நோயாளிகளுடன், எந்த மருத்துவமனையில்? அந்த மருத்துவமனைக்கே போய், இவர்களின் மாணவர்கள் அங்கே வருகிறார்களா என்று விசாரியுங்கள்.

2. சொல்லித் தருபவர் பதிவு பெற்ற செவிலியரா?

3. சான்றிதழை எந்த அரசு அமைப்பு அங்கீகரிக்கிறது? பதிலை எழுத்தில் வாங்கி, அந்த அமைப்பின் பட்டியலில் நீங்களே சரிபாருங்கள். சான்றிதழில் "நர்ஸ்" என்ற சொல்லைத் தருவதாகச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

4. பாதியில் நிறுத்த நேர்ந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பலத்தை நம்பித் தூக்காதீர்கள்

அப்பாவை நீங்கள் தனியாகவே தூக்கி உட்கார வைத்திருக்கிறீர்கள். இடுப்புப் பிடிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. மருத்துவமனையில் ஓர் ஆண் உதவியாளர் இருந்தால் எல்லா வார்டிலிருந்தும் அழைப்பு வரும், "அண்ணே, ஒரு கை பிடிங்க" என்று. பலசாலி என்று பெயர் வாங்கியவரின் முதுகுதான் முதலில் போகும். நோயாளியைக் கையால் தூக்குவதற்கு, நல்ல சூழ்நிலையில்கூட, சுமார் 16 கிலோதான் உச்ச வரம்பு என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் பரிந்துரைக்கிறது. வளர்ந்த ஆணின் ஒரு காலே 10 கிலோவைத் தாண்டிவிடும் என்பதை யோசித்துப் பாருங்கள். முழு ஆளைத் தூக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

நல்ல பயிற்சியில், தூக்காமல் நகர்த்தக் கற்றுத் தருவார்கள். கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுவது, வழுக்கு விரிப்பைப் போட்டு இருவராக இழுப்பது, நோயாளியின் இடுப்பில் பட்டை கட்டிப் பிடித்து எழுப்புவது, வசதி உள்ள இடத்தில் தூக்கும் கருவியைப் பயன்படுத்துவது என்று அதற்கு முறைகள் இருக்கின்றன. இவற்றில் எதுவும் உங்களுக்கு இயல்பாக வராது. மூன்று ஆண்டு வேறு மாதிரி பழகிய கை, பழைய வழக்கத்துக்கே போகும். அதை மாற்றத்தான் பயிற்சி வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். நடக்கும்போது நோயாளி சாய்ந்தால் அவரை அந்தரத்தில் பிடித்து நிறுத்த முயலாமல், உங்கள் உடம்போடு அணைத்து மெல்லத் தரையில் இறக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். முதலில் நம்பச் சிரமமாகத்தான் இருக்கும்.

சர்க்கரை நோயோடு இந்த வேலை செய்யலாம். ஆனால் ஷிப்ட் மாறும்போது சாப்பாடும் மாத்திரையும் தூக்கமும் சேர்ந்து மாறும். இரவு டியூட்டியில் சர்க்கரை தாழ்ந்தால் உங்களோடு உங்கள் நோயாளியும் ஆபத்தில் இருப்பார். எந்த ஷிப்ட்டுக்கு எந்த மாத்திரை எப்போது என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். நாள் முழுக்க நிற்கிற வேலை என்பதால் பாதங்களைத் தினமும் பார்க்க வேண்டும்.

கையுறை போட்டால் எதுவும் ஒட்டாது என்று எழுதியிருக்கிறீர்கள். கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கலாம்; கழற்றும்போதும் கை அசுத்தப்படும். அது கை கழுவுவதற்கு மாற்றாகாது. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வகுத்த ஐந்து தருணங்கள் மனப்பாடமாக வேண்டும்: நோயாளியைத் தொடும் முன், சுத்தமான செயல்முறைக்கு முன், உடல் திரவம் பட வாய்ப்புள்ள வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். நீங்கள் ஊசி போடாவிட்டாலும் யாரோ படுக்கை விரிப்பில் விட்டுச் சென்ற ஊசி உங்கள் விரலில் குத்தலாம். குத்தினால் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, அந்த ஷிப்ட்டிலேயே தெரிவிக்க வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, தொடங்க வேண்டும். பயந்து மறைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

உங்கள் அண்ணன் கேட்டதற்கு

அண்ணனிடம் சண்டை போட வேண்டாம். அவர் உங்கள் மரியாதையைப் பற்றிக் கவலைப்படுகிறார், வார்த்தைதான் கடுமையாக வந்துவிட்டது. மலத்தை அள்ளுகிறவர் என்ன பார்க்கிறார் என்று அவருக்குச் சொல்லிப் பாருங்கள். மலம் தார்போலக் கறுத்து, வழவழப்பாக, வழக்கமில்லாத நாற்றத்தோடு போனால் வயிற்றிலோ குடலின் மேல்பகுதியிலோ இரத்தம் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுப்பாகப் போகலாம். எது என்று முடிவு செய்வது டாக்டரின் வேலை. ஆனால் அதைக் கண்ணால் பார்ப்பவர் டயப்பரை மாற்றுகிறவர் ஒருவர்தான். அவர் பார்த்துச் சொன்னதால் உயிர் பிழைத்தவர்களை நான் அறிவேன்.

ஆண் செய்யும் வேலையா என்பதற்கும் பதில் வார்டிலேயே இருக்கிறது. மகள் வயதுப் பெண் தன்னைத் துடைக்கும்போது கூனிக்குறுகிப் போகிற முதியவர்கள் எத்தனையோ பேர். சிறுநீர் வரவில்லை என்பதைக்கூடக் கூச்சத்தால் சொல்லாமல் இருந்துவிடுவார்கள். அவர்களுக்கு உங்களைப் போன்ற ஒருவர் வேண்டும். 2030-ல் உலகில் ஆறு பேரில் ஒருவர் 60 வயதை எட்டியவராக இருப்பார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் ஆண்களும் இருப்பார்கள்தானே.

ஏஜென்சிக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள்

ஒரிஜினல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், நகல் தரலாம். வாங்கி வைத்துக்கொள்வது, வேலையை விட்டு உங்களைப் போகவிடாமல் செய்யும் தந்திரம். வீடுகளில் வேலை செய்வோருக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் கொண்டுவந்த 189-வது உடன்படிக்கை, அடையாள, பயண ஆவணங்கள் தொழிலாளரிடமே இருக்க வேண்டும் என்றும், வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்றும் சொல்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. ஏற்காத இடத்திலும் நீங்கள் பேரம் பேசுவதற்கான அளவுகோலாக அதை வைத்துக்கொள்ளலாம்.

தனி வீட்டில், நர்ஸ் மேற்பார்வை இல்லாமல், பயிற்சியே இல்லாதவரை 24 மணி நேரமும் வைப்பது நோயாளிக்கும் அநியாயம். எனவே முதல் இரண்டு ஆண்டுகளாவது மருத்துவமனையிலோ நல்ல முதியோர் இல்லத்திலோ, கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கும் இடத்தில் வேலை பாருங்கள். பிறகு வீட்டு டியூட்டிக்குப் போவதானால், எத்தனை மணி நேரம், எங்கே எப்போது தூங்குவது, எந்தெந்த வேலை, வீட்டு வேலையும் சேருமா, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். நோயாளியின் பணத்தையோ நகையையோ கையில் வாங்காதீர்கள், கடனும் கேட்காதீர்கள். நோயாளியைப் போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள், அன்பினால்கூட.

சம்பளம் பற்றி நீங்கள் அதிகம் கேட்கவில்லை. 24 ஆண்டு அனுபவத்துக்கு அச்சகத்தில் வாங்கியதைவிடத் தொடக்கத்தில் குறைவாகவே கிடைக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பயிற்சிக் காலமும் அதன்பின் வேலை தேடும் காலமும் சேர்த்துக் குடும்பச் செலவுக்குக் கையில் இருக்கிறதா என்று மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அவர் சம்மதம் சொன்னபோது இந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்ததா என்றும் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று

அப்பா போய் எட்டு மாதம்தான் ஆகிறது. மூன்று ஆண்டு உங்கள் நாளையும் இரவையும் நிறைத்திருந்த வேலை ஒரே நாளில் நின்றுபோனது. அந்த வெறுமையை நிரப்பத்தான் இந்த ஆசை வந்ததா என்று ஒரு முறை உங்களையே கேட்டுப் பாருங்கள். "ஆமாம், அதுவும் உண்டு" என்று பதில் வந்தால் அதற்காக இதைக் கைவிட வேண்டியதில்லை. இந்த வேலைக்கு வரும் பலர் அப்படித்தான் வருகிறார்கள். ஆனால் ஏதோ ஒரு வார்டில், அதே வயதில், அதே பக்கம் கை விழுந்துபோன ஒருவர் உங்களைப் பார்ப்பார். அவர் இறக்கவும் கூடும். அன்று ஷிப்ட்டை முடிக்க முடியாமல் போனால் அது பலவீனம் இல்லை. உங்கள் பயிற்சியாளரிடம் முதல் நாளே அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். தொடக்கத்தில் பக்கவாத வார்டைத் தவிர்த்து வேறு இடம் தரும்படி கேட்கலாம். நல்ல பயிற்சியாளர் புரிந்துகொள்வார்.

மையத்தைத் தேடும் முன், ஒரு முதியோர் இல்லத்தில் அனுமதி கேட்டுச் சில வாரம் தன்னார்வலராக இருந்து பாருங்கள். பேச்சுத்துணையாக, சக்கர நாற்காலி தள்ளுபவராக இருந்தாலே போதும். அப்பா இல்லாத ஓர் அறையில் உங்கள் மனம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். இந்த வாரமே சர்க்கரைக்கும் இடுப்புக்கும் டாக்டரைப் பார்த்து, நான் எழுதியதைக் காட்டுங்கள். அப்போதே, இரத்தத்தின் வழியாகவும் தொற்றும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசியின் முதல் தவணையையும் கேளுங்கள். வழக்கமான முறையில், ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. அதற்குப் பின் ஒன்று இரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். எப்படியும் அரை ஆண்டுக்கு மேல் ஆகும் என்பதால், மையத்தை முடிவு செய்யும்வரை அதற்காகக் காத்திருக்காதீர்கள்.